உறுதிப் பெட்டியும் கைத்தொலைபேசியும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றிடம், "ஓடும்போது எதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பிள்ளைகள், ஒரு மாற்றுடுப்பு, றங்குப் பெட்டிக்குள் கிடந்த கடதாசிகள். 1990ஆம் ஆண்டு மடுவை நோக்கி நடந்தவர்களும், பேசாலை, தலைமன்னார்க் கரைகளில் வள்ளமேறி மண்டபம் முகாமை அடைந்தவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்த எமது முஸ்லிம் சகோதரர்களும், 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும் இதைத்தான் சொல்வார்கள். கடதாசியையும் எடுக்க முடியாமற் போனவர்கள் எத்தனை பேர்! காணி உறுதி, பேர்மிற், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவை மழையில் நனைந்தும், கடலில் வீழ்ந்தும், வீட்டோடு எரிந்தும் போயின. அவற்றின் பின்னால் இன்றும் பலர் அலைகின்றார்கள்.

இன்று அந்த றங்குப் பெட்டி எங்கே இருக்கின்றது? எவரும் கூடித் தீர்மானிக்காமலே அது கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. உறுதியின் படம் அதற்குள் இருக்கின்றது. கத்தாரில் இருக்கும் மகனின் குரலும், கமநல சேவை நிலையத்தின் அறிவித்தலும், வங்கிக் குறுஞ்செய்தியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அப்படியானால் அந்தப் பெட்டியை யார் தெரிவு செய்தார்கள்? அதன் திறப்பு யாரிடம் இருக்கின்றது? இந்தக் கேள்வியைக் கிராமங்களில் கேட்கும்போது நமக்குக் கிடைக்கின்ற பதில் கவலை தருகின்றது. பெட்டி எம்மவரிடம் இருக்கின்றது. திறப்போ கடைக்காரத் தம்பியிடம் இருக்கின்றது.

நடப்பது இதுதான். நெல் விற்ற காசிலோ கருவாடு விற்ற காசிலோ ஒரு தாய் கைத்தொலைபேசி வாங்கச் செல்கின்றார். கடையில் நிற்கும் பையன், "அக்கா, எல்லாம் போட்டுத் தந்திருக்கிறன், கொண்டுபோய்ப் பாவியுங்கோ" என்று கையிற் கொடுத்துவிடுகின்றான். அவனும் நல்ல மனதோடுதான் செய்கின்றான். ஆனால் அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் ஒரு மின்னஞ்சல் கணக்கு இருக்கின்றது. அந்த முகவரி என்னவென்று தாய்க்குத் தெரியாது. கடவுச்சொல்லும் தெரியாது. பிறந்த திகதி என்று அவன் ஏதோ ஒன்றை அடித்திருப்பான். கணக்கை மீட்பதற்கான இலக்கமாகத் தன் சொந்த இலக்கத்தைக் கொடுத்திருக்கவும் கூடும். ஆறு மாதம் கழித்துக் கைத்தொலைபேசி கிணற்றில் விழுந்தால், அதோடு உறுதியின் படமும் பிள்ளையின் சான்றிதழும் போய்விடும். கூகுள் நிறுவனத்துக்கு மன்னாரில் கந்தோர் இல்லை, போய் முறையிடுவதற்கு.

எனவே கைத்தொலைபேசியை விட அதற்குள் இருக்கும் கணக்கே பெரிது என்பது நமது உறுதியான கருத்து. கைத்தொலைபேசி நான்கைந்து வருடத்தில் செத்துப்போகும் பொருள். கணக்கோ ஒழுங்காகப் பேணினால் பிள்ளைகளின் காலம்வரை நிற்கும். கணக்கை உங்கள் கையாலேயே திறவுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி பெயரையும் பிறந்த திகதியையும் கொடுங்கள். மீட்பு இலக்கமாக உங்கள் பெயரில் உங்கள் அடையாள அட்டைக்குப் பதிவான சிம்மின் இலக்கத்தைக் கொடுங்கள். முகாம் காலத்திலிருந்து இன்னொருவர் பெயரில் பதிவான சிம் அட்டையை வைத்திருப்பவர்கள் எம்மிடையே இன்றும் உள்ளனர். அதை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட காலம் பணம் போடாமல் விட்ட இலக்கத்தை நிறுவனம் நிறுத்திவிட்டு வேறொருவருக்கு வழங்கிவிட முடியும். அப்போது உங்கள் கணக்கின் திறப்பும் அவர் கைக்குப் போகும்.

கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்று நகரத்து நிபுணர்கள் சொல்வார்கள். நாம் அதற்கு மாறாகவே சொல்கின்றோம். எமது வீடுகளில் கடவுச்சொல்லைத் திருட வருபவனை விட, அதை மறந்துவிடும் ஆபத்தே அதிகம். ஒரு கொப்பியில் தெளிவாக எழுதி, உறுதி இருக்கும் இடத்திலேயே வையுங்கள். சொல்லை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். அத்தோடு கூகுள் கணக்கில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்ற ஏற்பாட்டைச் செய்தால், பத்து மாற்று இலக்கங்களைப் பெற்றுக்கொள்ள முடியும். ஒவ்வொன்றையும் ஒரு தடவை மட்டுமே பாவிக்கலாம். கைத்தொலைபேசியும் சிம் அட்டையும் இரண்டும் தொலைந்த நாளிலும் அந்தப் பத்தில் ஒன்று கணக்கைத் திறந்துவிடும். அந்தப் பத்தையும் கடதாசியில் எழுதி அதே பெட்டிக்குள் வையுங்கள்.

"எங்களுக்கு எதற்கு மின்னஞ்சல்? வட்ஸ்அப் இருக்கிறதே!" என்பார்கள். இந்தக் கேள்வி சற்று விரிவாகச் சிந்திக்கற்பாலது. கிராம அலுவலருக்கு வட்ஸ்அப்பில் ஒரு முறைப்பாடு அனுப்புகின்றீர்கள். அது அவரது சொந்தக் கைத்தொலைபேசிக்குத்தான் போகின்றது. அவர் மாற்றலாகிப் போனால் உங்கள் முறைப்பாடும் அவரோடு போய்விடும். பின்னர் வருபவருக்கு அப்படியொன்று வந்ததாகவே தெரியாது. பிரதேச செயலகத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியது கந்தோரிலேயே தங்கும். திகதியும் நேரமும் அதில் பதிந்திருக்கும், உங்களிடமும் பிரதி இருக்கும். கந்தோர் வாசலில் நின்று, "ஐயா, போன மாசம் தந்தனான்" என்று சொல்வதற்கும், திகதியோடு கடிதத்தைக் காட்டுவதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எம் மக்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சட்டமும் இதற்கு இடம் தருகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தவொரு பிரசையும் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். இலத்திரனியல் முறையில் எழுதுவதும் எழுத்தாகவே கொள்ளப்படும். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். உங்கள் காணி எந்தத் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றது, விடுவிப்புக்கான பட்டியலில் இருக்கின்றதா, பேர்மிற் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கின்றது என்பவற்றையெல்லாம் இப்படிக் கேட்கலாம். முசலியிலிருந்து மன்னார் நகருக்கு ஒரு நாட் கூலியை இழந்து பேருந்தில் போகத் தேவையில்லை. தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கின் நிருவாக மொழி தமிழ். தமிழிலேயே பதிலும் பெறுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. முள்ளிக்குளம் மக்கள் 2017இல் வீதியோரம் வாரக்கணக்காக அமர்ந்திருந்துதான் தம் ஊரின் ஒரு பகுதியையாவது விடுவிக்கும் இணக்கத்தைப் பெற்றார்கள். அந்த அமர்வுக்கு மின்னஞ்சல் ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் அத்தகைய போராட்டத்துக்குப் பின்னால் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளைத் திகதி வாரியாகக் கோவைப்படுத்தி வைத்திருக்க அது உதவும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டியுள்ளது. உறுதியைப் படம் பிடித்து வைத்துவிட்டால் மூல உறுதி தேவையில்லை என்று சில இளைஞர்கள் நினைக்கின்றார்கள். அது சரியல்ல. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளை ஏற்றுக்கொண்ட போதிலும், காணிக் கைமாற்றத்தையும் மரணசாசனத்தையும் அட்டோர்னித் தத்துவத்தையும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றது. அப்படியானால் படத்தால் என்ன பயன்? பயன் மிகப் பெரிது. உறுதியின் இலக்கம், அதை எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி, காணிப் பதிவகத்தின் ஏட்டு இலக்கம் ஆகியவை அந்தப் படத்தில் இருக்கின்றன. மூலம் தொலைந்தாலும் இவற்றைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்க முடியும். பேர்மிற் என்றால் அதன் இலக்கமும் திகதியும் தெரிந்தாற்போதும், பிரதேச செயலகத்தின் பேரேட்டைப் பார்க்கச் சொல்லலாம். 1990இல் ஓடியவர்களிற் பலருக்கு இந்த இலக்கங்களே நினைவில் இருக்கவில்லை. "அப்பு உயிலங்குளத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுதினவர்" என்ற அளவில் தேடத் தொடங்கி, வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

படம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். காலை வெளிச்சத்தில், நிழலில் பாயை விரித்து, மடிப்பை நீவிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுங்கள். பின்பக்கத்து முத்திரைகளையும் விடாதீர்கள். பிளாஷ் வேண்டாம், அது மையை வெளிறச் செய்யும். கூகுள் டிரைவ் என்ற செயலிக்குள் ஆவணத்தை ஸ்கேன் செய்யும் வசதி இருக்கின்றது. அது பக்கங்களை ஒரே கோவையாகக் கட்டித் தரும். அதை உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே ஒரு தரம் அனுப்பி, தலைப்பில் உறுதி இலக்கத்தைத் தமிழில் எழுதிவிட்டால், தேடும்போது உடனே அகப்படும்.

இலவச இடம் 15 ஜிகாபைட் மட்டுமே என்பதை மறக்கவேண்டாம். மின்னஞ்சலுக்கும், படங்களுக்கும், டிரைவுக்கும் சேர்த்தே அந்த இடம். இப்போது அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் வட்ஸ்அப்பின் சேமிப்பும் அதற்குள்ளேதான் கணக்கிடப்படுகின்றது. காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூப் படங்களும் வெளிநாட்டுக் கலியாண வீட்டு வீடியோக்களும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், காணித் திணைக்களம் அனுப்பும் கடிதம் உங்களிடம் வந்து சேராது, திரும்பிப் போய்விடும். மாதம் ஒருமுறை களை பிடுங்குவதுபோல் இவற்றைப் பிடுங்கி எறியத்தான் வேண்டும். அதேபோல் இரண்டு வருடம் திறக்கப்படாமற் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடலாம். 2023 டிசெம்பரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று கணக்கொன்றைத் திறந்து மூடி வைப்பவர்களுக்கே இது ஆபத்து. விதைநெல்லையும் வருடா வருடம் எடுத்துக் காயவைத்துத்தானே திரும்பக் கட்டுகின்றோம்?

இனி, கைத்தொலைபேசியைத் தெரிவு செய்யும் விடயத்துக்கு வருவோம். கடைகளில் கமராவின் அளவைச் சொல்லித்தான் விற்கின்றார்கள். எம் மக்களுக்கு வேண்டியது வேறு. முதலாவது, எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்பதாகும். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும். இற்றைப்படுத்தல் நின்ற கைத்தொலைபேசி வேலியில்லாத தோட்டம் போன்றது, எந்த மாடும் நுழையும். ஓர் உதாரணத்துக்குச் சொல்வதானால், சம்சுங் நிறுவனம் 2024இன் இறுதியில் வெளியிட்ட கலக்ஸி ஏ16 என்ற சாதாரண ரகக் கைத்தொலைபேசிக்கு ஆறு வருட இற்றைப்படுத்தலை உறுதியளித்தது. அதை வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படியொரு வாக்குறுதி மலிவான ரகத்திலும் கிடைக்கக்கூடியது, ஆகவே கேட்டு வாங்குங்கள் என்றே சொல்கின்றோம். பாவித்த கைத்தொலைபேசியை வாங்குவதாயின், அமைப்புப் பகுதியில் 'பாதுகாப்பு இற்றைப்படுத்தல்' என்ற இடத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். அது இரண்டு மூன்று வருடம் பழையதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும். அதற்குக் குறைந்தது ஒரு வருடத்திலேயே முடங்கிப்போகும். இரண்டு சிம் போடக்கூடியதாக இருப்பது எமது கரையோரத்துக்கு அவசியம். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் ஒரு நிறுவனத்தின் அலைவரிசை மங்கும் இடத்தில் மற்றையது கைகொடுக்கக்கூடும். பற்றறி 5000 என்ற அளவில் இருப்பது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல மாவட்டங்களில் மின்சாரம் நின்று, தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கோபுரம் விழுந்தால் எந்தக் கைத்தொலைபேசியும் பேசாது. ஆயினும் உள்ளே சேமித்த இலக்கங்களையும் ஆவணங்களையும் பார்ப்பதற்காவது உயிர் இருக்கவேண்டும்.

மூன்றாவதாக, வாங்குமுன் *#06# என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும். அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கின்றதா என்று பாருங்கள். பின்னர் ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரியவரும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து இந்தப் பதிவு இறுக்கமாக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வரும் உறவுகள் அங்கே வாங்கிய கைத்தொலைபேசிகளைக் கொண்டு வருகின்றார்கள். அவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். களவு போனால் பொலிசார் முதலிற் கேட்பது அதைத்தான்.

கடற்காற்றில் வாழ்கின்றோம். உப்பு ஈரம் சார்ஜ் செய்யும் துவாரத்தைத்தான் முதலில் தின்னும். வாடியிலிருந்து வந்தவுடன் துணியால் துடைத்து, காய்ந்த பின்னரே வயரைச் செருகுங்கள். நனைந்த கைத்தொலைபேசியை அரிசிக்குள் புதைக்கும் வழக்கமும் எம்மிடையே இருக்கின்றது. அப்பிள் நிறுவனமே அவ்வாறு செய்யவேண்டாம் என்று தன் பாவனையாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கின்றது. அரிசித் தூள் துவாரத்துக்குள் போய் இன்னும் கேடு செய்யும். அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுவதே மேல். தலைமன்னார்ப் பக்கம் இருப்பவர்கள் 'றோமிங்' என்ற வசதியை நிறுத்தியே வைத்திருங்கள். கடலுக்கு அப்பாலுள்ள கோபுரத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டால், வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே வெளிநாட்டுக் கட்டணம் கட்ட நேரிடும்.

கைத்தொலைபேசிக்காகக் கடன்பட வேண்டாம் என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுகின்றோம். போருக்குப் பின் கிழமைக் கடன் எமது பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பது தெரிந்ததே. கைத்தொலைபேசிக்குள்ளேயே கடன் தருகின்றோம் என்று வரும் செயலிகள் அதைவிட மோசமானவை. உங்கள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டு, தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் அறிவித்து மானத்தை வாங்கும் செயலிகள் பல நாடுகளில் உலவுகின்றன. ஒருதடவை வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகின்றோம் என்றாலும், வெளிநாட்டு வேலை என்றாலும், எவருக்கும் சொல்லாதீர்கள்.

தமிழில் எழுதத் தெரியாது என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் அது எழுத்தாக்கித் தருகின்றது. எமது மன்னார்ப் பேச்சைக் கேட்டு அது சிலவேளை தடுமாறும். நிறுத்தி நிறுத்திப் பேசி, பின் ஒருமுறை வாசித்துத் திருத்திக்கொள்ளலாம். எழுத வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் கடிதம் எழுத வழி பிறந்திருக்கின்றது என்பது சிறிய காரியமல்ல. ஆனால் கணினி நிலையங்களில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்துத் தரும் கடிதத்தை அப்படியே கைத்தொலைபேசிக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோட்டில் அடித்துத் தரும்படி கேளுங்கள்.

மற்றொன்று, வீட்டில் கைத்தொலைபேசி யார் கையில் இருக்கின்றது என்பது. பல வீடுகளில் தாயின் காசில் வாங்கியது மகனின் கையில் இருக்கின்றது. அவன் விளையாட்டுச் செயலிகளால் நிரப்பிவிட்டு, பழுதானதும் திருப்பிக் கொடுக்கின்றான். கணவனை இழந்து, காணி வழக்கைத் தனியே நடத்தும் தாய்மாருக்கு அந்தக் கைத்தொலைபேசி கந்தோரும் பெட்டகமும் ஆகும். அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதில் நமக்கு உடன்பாடில்லை. பிள்ளை சொல்லிக் கொடுக்கட்டும், தாய் தன் கையால் அழுத்தட்டும்.

இறுதியாகச் சங்கங்களுக்கு. கமக்காரர் அமைப்புகளும், மாதர் சங்கங்களும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் செயலாளரின் சொந்த மின்னஞ்சலையே கடிதத் தலைப்பில் போடுகின்றன. செயலாளர் வெளிநாடு போனால், அல்லது கோபித்துக்கொண்டு விலகினால், சங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவரோடு போய்விடும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர்க் கூட்டத்துக்கான அழைப்பு வேறெங்கோ போய்க் கிடக்கும். சங்கத்துக்கென்று தனியாக ஒரு கணக்கைத் திறவுங்கள். தலைவர், செயலாளர் இருவரிடமும் கடவுச்சொல் இருக்கட்டும். பொருளாளரிடம் அந்தப் பத்து மாற்று இலக்கங்களும் ஒட்டிய உறைக்குள் இருக்கட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய நிருவாகம் தெரிவானதும், அன்றைக்கே, சபையோர் முன்னிலையில் கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு இலக்கத்தையும் மாற்றி, மாற்றியதைக் கூட்டறிக்கையில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பழைய கைத்தொலைபேசியை விற்பதாயின், முதலில் அதிலிருந்து சங்கக் கணக்கை வெளியேற்றி, பின் முழுவதையும் அழித்து, சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிய பிறகே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன்னரான கூட்டத்திலேயே இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.